வளர்ப்புப் பிள்ளையின் வேரை அறுக்காதீர்கள்!

 

கோட்டைமேடு, உக்கடம், கரும்புக்கடை என்று நம் கோவைப் பகுதிகளிலிருந்து பிழைப்புக்காக வெளிநாடு சென்று குடியேறியவர்கள் பலர். அவர்களில் குழந்தைப் பாக்கியம் இல்லாதவர்கள், "ஊரிலிருந்து ஒரு யதீம் பிள்ளையை எடுத்து வளர்க்கலாமா?" என்று கேட்கிறார்கள். தாராளமாக வளர்க்கலாம். யதீமைப் பொறுப்பேற்பவர் சொர்க்கத்தில் தமக்கு எவ்வளவு நெருக்கமாக இருப்பார் என்பதை, ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் காட்டி நபி (ஸல்) அவர்கள் விளக்கியது புகாரியில் பதிவாகியுள்ளது.

அடுத்து இன்னொரு கேள்வி வருகிறது. "எல்லாப் பேப்பர்களும் முடிந்துவிட்டன. இனி அந்த இல்லத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டுமா? பிள்ளைக்கு எதுவும் தெரியாமலே வளர்த்துவிடலாமே?" இதைத்தான் இன்று நாம் சிந்திக்க வேண்டும்.

தேடி வந்த தந்தை

ஸைத் (ரலி) அவர்கள் சிறுவனாக இருந்தபோது கொள்ளையரால் பிடிக்கப்பட்டு, உக்காழ் சந்தையில் அடிமையாக விற்கப்பட்டார்கள். பிறகு கதீஜா (ரலி) அவர்கள் வழியாக நபியவர்களின் வீட்டுக்கு வந்தார்கள். மகனைத் தேடி அலைந்த தந்தை ஹாரிஸா மக்காவுக்கே வந்து சேர்ந்தார். நபியவர்கள் என்ன செய்தார்கள்? பிள்ளையை ஒளித்து வைக்கவில்லை. தந்தையின் எதிரிலேயே ஸைதை அழைத்து, யாரோடு இருக்க விருப்பம் என்று தேர்வு செய்யச் சொன்னார்கள். ஸைத் நபியவர்களையே தேர்ந்தெடுத்தார்கள்.

அதன்பின் மக்கள் அவரை முஹம்மதின் மகன் என்று அழைத்தார்கள். அல்லாஹ் 33:4, 5 வசனங்களை இறக்கி, வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களின் சொந்தத் தந்தையின் பெயரால் அழைக்கக் கட்டளையிட்டான். தந்தை யாரென்று தெரியாவிட்டால் அவர்கள் மார்க்கச் சகோதரர்கள். அவர் மீண்டும் ஸைத் பின் ஹாரிஸா ஆனார். பெயர் மாறியது, பாசம் மாறவில்லை. நபித்தோழர்களில் அல்லாஹ் குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட ஒரே ஒருவர் அவர்தாம்.

சென்னையில் அழுத தாய்

1998-ல் சென்னையில் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் இரண்டு வயதுப் பெண் குழந்தை ஆட்டோவில் கடத்தப்பட்டது. 2005-ல் ஒரு கும்பல் பிடிபட்டபோதுதான், கடத்திய குழந்தைகள் மலேசியன் சோஷியல் சர்வீசஸ் என்ற தத்து நிறுவனத்துக்கு விற்கப்பட்டது வெளியே வந்தது. பெயரையும் பின்னணியையும் மாற்றிப் பொய்த் தாள்கள் தயாரித்திருந்தார்கள். அந்தக் குழந்தை ஆஸ்திரேலியாவில் ஒரு குடும்பத்தில் வளர்வதாகத் தெரியவந்தது. வழக்கை சிபிஐ விசாரிக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

எடுத்து வளர்த்தவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் எடுத்தார்கள். ஆனால் தாள் சரியாக இருந்ததாலேயே உண்மையும் சரியாக இருந்துவிடவில்லை. இங்கே ஒரு தாய், ஹாரிஸாவைப் போலத் தேடிக்கொண்டிருந்தாள். ஆகவே சகோதரர்களே, குழந்தை எங்கிருந்து வந்தது என்று விசாரிப்பது சந்தேக புத்தி அல்ல, அது அமானிதம்.

சட்டமும் மார்க்கமும்

1984-ல் லட்சுமி காந்த் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் வெளிநாட்டுத் தத்துக்கு நெறிமுறைகள் வகுத்தது. 2003-ல் இந்தியா ஹேக் ஒப்பந்தத்தை ஏற்றது. இன்று 'காரா' என்ற மத்திய அமைப்பின் வழியாகவே குழந்தையை எடுக்க முடியும். பெற்றோர் தாமாக ஒப்படைத்த பிள்ளை என்றால், மனம் மாறுவதற்கு அவர்களுக்கு 60 நாள் அவகாசம் உண்டு. 2021-ல் வந்த திருத்தத்தின்படி இறுதி ஆணையை மாவட்ட ஆட்சியர் பிறப்பிக்கிறார். வெளிநாடு சென்ற பிள்ளையின் நிலை இரண்டாண்டுகள் கண்காணிக்கப்படும். மருத்துவமனையிலோ தரகரிடமோ பணம் கொடுத்துக் குழந்தை வாங்குவது குற்றம், பாவமும்கூட.

2014-ல் ஷப்னம் ஹாஷ்மி வழக்கின் தீர்ப்பு, எந்த மதத்தினரும் இந்தச் சட்டத்தின்படி தத்தெடுக்கலாம், அது அவரவர் விருப்பம் என்றது. ஆனால் அந்த ஆணை பிள்ளையைப் பெற்ற பிள்ளையாகவே ஆக்கி, பிறந்த குடும்பத்தோடு உள்ள உறவைச் சட்டப்படி துண்டிக்கிறது. மார்க்கம் வம்சத்தை மாற்ற அனுமதிக்கவில்லை. எனவே 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி பொறுப்பேற்கும் வழியும் உண்டு என்பதை அறிந்து, ஆலிமிடமும் வழக்கறிஞரிடமும் கேட்டு முடிவெடுங்கள். குடியேறிய நாடு எந்த ஆணையை ஏற்கும் என்பதையும் முன்பே விசாரியுங்கள். வளர்ப்புப் பிள்ளை தானாக வாரிசாவதில்லை. ஆனால் உயிரோடு இருக்கும்போதே ஹிபாவாகக் கொடுக்கலாம், மூன்றில் ஒரு பங்குக்குள் வஸிய்யத் எழுதலாம். யாரும் அவனைத் தெருவில் விட வேண்டியதில்லை.

இல்லத்துக்குப் போங்கள்

நம் கொங்கு மண்ணில், சேலத்தில்தான் 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. பெண் சிசுக்கள் கொல்லப்படாமல் தொட்டிலில் விடப்பட்டார்கள். உயிரோடு புதைக்கப்பட்ட பெண் குழந்தை மறுமையில் விசாரிக்கப்படும் என்று 81-ஆம் அத்தியாயம் எச்சரிக்கிறது. அந்தத் தொட்டிலும், பிள்ளைக்குப் பால் கொடுத்துத் தூங்கவைத்த ஆயாவும் அவள் வரலாற்றின் பகுதி.

ஆகவே புறப்படும் முன் அந்த இல்லத்துக்குப் போங்கள். எந்தத் தேதியில், எந்த நிலையில் வந்தாள், யார் பெயர் வைத்தார், எதைக் கண்டால் பயப்படுவாள் என்று கேட்டு எழுதி வையுங்கள். பார்த்துக்கொண்டவர்களுக்கு நன்றி சொல்லுங்கள். மற்ற பிள்ளைகளின் முகத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் பரப்பாதீர்கள். பிள்ளைக்கு விவரம் தெரியும் வயதில் நீங்களே மெல்லச் சொல்லுங்கள், ஊராரிடமிருந்து கேட்டு அவள் உடைந்துபோக வேண்டாம். 18 வயது நிறைந்தபின் தன் பூர்வீகத்தைத் தேட விண்ணப்பிக்கும் உரிமையைச் சட்டமும் கொடுத்திருக்கிறது. அப்போது அவளோடு சேர்ந்து நில்லுங்கள். ஹாரிஸாவின் எதிரில் நபியவர்கள் நின்றது அப்படித்தான்.

பிள்ளை எடுக்க இயலாதவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஒரு யதீமின் படிப்புச் செலவை ஏற்கலாம். தவிக்கும் குழந்தையைக் கண்டால் 1098-க்கு அழைக்கலாம். யதீமாக வளர்ந்த நபியின் உம்மத் நாம்.

யா அல்லாஹ்! யதீம்களுக்கு நிழலாகவும், அவர்களின் உண்மைக்குக் காவலாகவும் எங்களை ஆக்குவாயாக! பிள்ளையைத் தேடித் தவிக்கும் பெற்றோரின் கண்ணீரைத் துடைப்பாயாக! ஆமீன்.