மாரடைப்புக்குப் பிறகு... படுக்கையா, நடையா?

ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வீடு திரும்பி இருபது நாளாகிறது. ஹாலில் ஈஸிசேர். பக்கத்து ஸ்டூலில் மாத்திரை டப்பா, வெந்நீர் பிளாஸ்க். அவர் எழுந்தால் போதும், “எங்கே போறீங்க? என்ன வேணும்னு சொல்லுங்க, நான் எடுத்துத் தர்றேன்” என்று மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வருகிறார். மாடிப்படியில் கால் வைக்க மகன் விடுவதில்லை. பார்க்க வருகிற உறவுக்காரர்களோ, “ஆறு மாசத்துக்கு அசையவே கூடாது. எங்க பெரியப்பாவுக்கு அப்படித்தான்...” என்று ஆரம்பிக்கிறார்கள்.

எல்லாம் அன்புதான். ஆனால் இந்த அன்பே அவரை நிரந்தர நோயாளி ஆக்கிவிடும் என்பதுதான் பிரச்னை!

ஐந்து மாணவர்கள் சொன்ன பாடம்

ஒரு காலத்தில் டாக்டர்களே அப்படித்தான் சொன்னார்கள். மாரடைப்பு என்றால் ஆறு வாரம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. அமெரிக்காவில் சாமுவேல் லெவின், பெர்னார்ட் லவுன் என்ற இரண்டு டாக்டர்கள் நோயாளிகளைச் சீக்கிரமே நாற்காலியில் உட்கார வைத்துப் பார்த்து, அது நல்லதுதான் என்று 1952-ல் எழுதினார்கள். அதன் பிறகுதான் அந்தப் பழக்கம் மெல்ல மாறத் தொடங்கியது.

1966-ல் டல்லஸ் நகரில் இன்னொரு சோதனை. இருபது வயது ஆரோக்கியமான மாணவர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். முப்பது வருடம் கழித்து, 1996-ல், அதே ஐந்து பேரைத் திரும்ப அழைத்துப் பரிசோதித்தார்கள். முப்பது வருடம் வயதானதில் இறங்கிய உடல் திறனைவிட, அந்த மூன்று வாரப் படுக்கையில் இறங்கியதுதான் அதிகம்!

வாலிபப் பையன்களுக்கே இந்தக் கதி என்றால், ஐம்பத்தைந்து வயதில் அடிபட்ட இதயத்தோடு படுத்திருப்பவருக்கு? கால் தசை இளைக்கும். எழுந்தால் தலை சுற்றும். காலில் ரத்தம் உறையலாம். இதற்கெல்லாம் மேலாக, ‘இனி நம்மால எதுவும் ஆகாது’ என்ற எண்ணம் மனசில் உட்கார்ந்துகொள்ளும். மாரடைப்பு வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு நோயே வருகிறது.

உடற்பயிற்சி என்ன செய்கிறது?

மாரடைப்பில் இறந்துபோன இதயத் தசை திரும்ப முளைப்பதில்லை. அந்த இடத்தில் தழும்பு உண்டாகி, அது உறுதிப்பட ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். அப்படியானால் நடப்பதால் என்ன லாபம்?

லாபம் கைகால்களில் இருக்கிறது. பழக்கப்பட்ட தசை, தனக்கு வரும் ரத்தத்திலிருந்து கூடுதலாக ஆக்ஸிஜனை உறிஞ்சக் கற்றுக்கொள்கிறது. அதனால் அதே மாடிப்படியை ஏற இதயம் முன்பைவிடக் குறைவாகத் துடித்தால் போதும். இந்த மறுவாழ்வுப் பயிற்சியை முறையாகச் செய்தவர்களிடம், இதய நோயால் ஏற்படும் மரணம் சுமார் கால் பங்கு குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. “எனக்குத்தான் ஸ்டென்ட் வெச்சாச்சே, இனி எதுக்கு பிஸியோதெரபி?” என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்டென்ட் ஒரு இடத்து அடைப்பைத் திறக்கும். உடம்பைப் பழக்குவது உங்கள் வேலை!

எப்போது, எவ்வளவு?

சிக்கலில்லாத மாரடைப்பு என்றால், முதல் ஓரிரு நாளிலேயே ஆரம்பம். கணுக்காலை ஆட்டுவது, மூச்சுப் பயிற்சி, நாற்காலியில் உட்காருவது, பிறகு பாத்ரூம் வரை நடை, அப்புறம் வார்டுக்குள் நடை. வீட்டுக்கு அனுப்பும் முன் சில படிகள் ஏற வைத்து, பல்ஸையும் ரத்த அழுத்தத்தையும் பிஸியோதெரபிஸ்ட் பார்ப்பார். படுத்திருக்கும்போது உள்ள பல்ஸைவிட இருபதுக்கு மேல் ஏறினால் அன்றைக்கு அதோடு நிறுத்தம்.

வீட்டில் முதல் வாரம், சமதரையில் ஐந்து முதல் பத்து நிமிடம், தினம் இரண்டு வேளை. பிறகு வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டிக்கொண்டே போனால், ஆறாவது வாரத்தில் அரை மணி நேரம் வந்துவிடும். இது பொதுவான கணக்கு. ட்ரெட்மில் டெஸ்ட், எக்கோ எல்லாம் பார்த்து உங்கள் கணக்கை எழுத வேண்டியவர் உங்கள் டாக்டர்தான். பைபாஸ் ஆனவர்களுக்கு நெஞ்செலும்பு கூட வேண்டும் என்பதால் கைப் பயிற்சிக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு.

வேகம்? சுலபமான வழி ஒன்று: நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடியணும், ஆனால் பாட முடியக் கூடாது. பேசவே மூச்சு வாங்குகிறதா, குறையுங்கள். அட்டினலால், மெட்டோபிரலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்குப் பல்ஸ் அவ்வளவாக ஏறாது. அவர்கள் பல்ஸை மட்டும் நம்பாமல் இந்தப் பேச்சுக் கணக்கை வைத்துக்கொள்வதே நல்லது.

எடுத்த எடுப்பில் வேகமாக நடக்காதீர்கள். நிற்கும்போதும் சட்டென்று நிற்காதீர்கள். வேகத்தில் போய்த் திடீரென்று நின்றால் ரத்தம் காலில் தேங்கி, அழுத்தம் இறங்கி, மயக்கம் வரலாம். முதல் பத்து நிமிடமும் கடைசிப் பத்து நிமிடமும் மெதுநடை. வயிறு நிறையச் சாப்பிட்டால் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் நடை. உச்சி வெயிலும் வேண்டாம்.

இன்னொன்று, ‘தம் கட்டி’ செய்யும் எந்த வேலையும் ஆரம்பத்தில் கூடாது. காஸ் சிலிண்டரை நகர்த்துவது, தண்ணீர்க் குடம் தூக்குவது, ஸ்கூட்டருக்கு ஸ்டாண்ட் போடுவது, மலச்சிக்கலில் முக்குவது எல்லாமே ரத்த அழுத்தத்தை ஒரே தாவாக ஏற்றிவிடும்.

அம்மாவுக்கு வந்தால்?

இதே வீட்டில் மாரடைப்பு அந்த அம்மாவுக்கு வந்திருந்தால்? நாலாம் நாளே அடுப்படியில் நிற்பார்! “வீட்டு வேலை செய்யறதே எக்ஸர்ஸைஸ்தானே” என்பார்கள். அதுதான் தப்பு. துணி பிழிவது, மேல் ஷெல்பிலிருந்து டப்பா இறக்குவது போன்ற கை வேலைக்கு, கால் வேலையைவிடப் பல்ஸும் அழுத்தமும் அதிகம் ஏறும். அதுவும் ஓய்வில்லாமல், அளவில்லாமல். ஒரே சீரான நடை தரும் பலன் அதில் கிடைக்காது. அவருக்கும் அளந்து கொடுத்த நடை வேண்டும். அந்த அரை மணி நேரம் அடுப்பை வேறு யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும்.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

* நெஞ்சு, தாடை, இடது கை, முதுகில் வலி அல்லது இறுக்கம்
* தலைசுற்றல், குளிர்ந்த வியர்வை, குமட்டல்
* படபடப்பு, துடிப்பு தாறுமாறாவது
* வழக்கத்துக்கு மீறிய மூச்சுத்திணறல்

நின்றபடி இருக்காமல் உட்காருங்கள். டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால், நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை ஒன்று. ஐந்து நிமிடத்தில் வலி குறையவில்லையா? ‘வாயுவா இருக்கும்’ என்று சோடா குடித்துக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். திடீரென்று காலில் வீக்கம், இரண்டு மூன்று நாளில் எடை ஏறுவது என்றாலும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. டாக்டரைப் பார்க்கப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். “எவ்வளவு தூரம் நடக்கலாம், எத்தனை படி ஏறலாம், எப்போ ஆபீஸ் போகலாம், எப்போ தாம்பத்யம்?” என்று வெட்கப்படாமல் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பயம் பாதி குறைந்துவிடும். பிறகு சாயந்திரம் செருப்பை மாட்டிக்கொண்டு நீங்களும் அவரோடு தெருக்கோடி வரை போய் வாருங்கள். ஈஸிசேரில் அவருக்குக் காப்பி கொண்டுவந்து கொடுப்பதைவிட, அதுதான் பெரிய பணிவிடை!