முதல் நான்கு பைட்டுகள்

இயக்க அமைப்பு ஒன்றைப் புதிய செயலிக்குப் பெயர்த்துக் கொண்டு செல்வோர், நினைவக மேலாண்மையையே பெருஞ்சிக்கலாகக் கருதுவர். இயக்கக் கோப்பு எவ்வடிவில் அமைதல் வேண்டும் என்னும் வினா அவர்களுக்குச் சிறியதாகத் தோன்றும். ஆனால், அவ்வினாவிற்குத் தவறான விடை தேர்ந்தால் பின்னாளில் எல்லா நிரல்களையும் மீண்டும் ஆக்க நேரிடும்.

நிரலைத் தொடங்குமுன், அதன் ஆணைகள் எவை, தரவுகள் எவை, அவற்றை நினைவகத்தில் எங்கு வைப்பது என்பவற்றைக் கெர்னல் அறிதல் வேண்டும். இவற்றைக் கோப்பின் தலைப்பகுதி கூறும். நூலுக்குப் பாயிரம் போன்றது அது.

1970களில் பெல் ஆய்வகத்தின் யுனிக்ஸ், பிடிபி-11 கணினியில் வளர்ந்தது. அதன் இயக்கக் கோப்பு வடிவத்தின் பெயர் 'ஏ.அவுட்'. அக்கோப்பின் தொடக்கத்தில் எட்டடிமான முறையில் 0407 என்னும் எண் நின்றது. அது வெறும் அடையாளமன்று. அச்செயலிக்குரிய தாவல் ஆணையும் ஆகும். 16 பைட்டுகள் கொண்ட தலைப்பகுதியைத் தாண்டி நிரலுக்குச் செல்க என்பதே அதன் பொருள். வியக்கத்தக்க சிக்கனம்தான். ஆயினும், யுனிக்ஸ் வேறு கணினிகளுக்குச் சென்றபோது அவ்வெண் ஆணைப்பொருளை இழந்து அடையாளமாக மட்டுமே எஞ்சியது.

1991இல் தோன்றிய லினக்ஸும் ஏ.அவுட்டையே முதலில் மேற்கொண்டது. நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நூலகக் கோப்புகள் பெருகியபோது இடர் எழுந்தது. ஒவ்வொரு நூலகத்திற்கும் நினைவகத்தில் மாறாத முகவரி ஒன்றை முன்னரே ஒதுக்க வேண்டியிருந்தது. இரு நூலகங்கள் ஒரே முகவரியைக் கொண்டால் அவற்றை ஒருங்கே பயன்படுத்த இயலாது. ஊர்ப் பொதுநிலத்தைப் பங்கிடுவது போன்ற வேலை நிரலாளர் தலையில் விழுந்தது.

யுனிக்ஸ் சிஸ்டம் ஃபைவ் நான்காம் வெளியீட்டின் 'எல்ஃப்' வடிவம் இதற்கு வழிகாட்டியது. அதன் நூலகங்களை எம்முகவரியிலும் ஏற்றலாம். முதல் நான்கு பைட்டுகள் 127, 69, 76, 70 என எல்லாச் செயலிகளிலும் ஒன்றே. ஐந்தாம் பைட்டு 32 பிட்டா, 64 பிட்டா என்பதையும், ஆறாம் பைட்டு எண்களின் பைட்டு வரிசையையும் உணர்த்தும். செயலியின் வகையை 19, 20ஆம் பைட்டுகளில் உள்ள எண் சுட்டும்: இன்டெல் 386க்கு 3, அண்மைக்கால ரிஸ்க்-ஃபைவிற்கு 243. செயலியின் தன்மை அதன் ஆணையாக ஒளிந்திராமல் படித்தறியும் செய்தியாக நிற்பதே இவ்வடிவத்தின் சிறப்பு.

1995 மார்ச்சில் வெளியான லினக்ஸ் 1.2, ஆல்ஃபா முதலிய பிற செயலிகளையும் தழுவியது. அக்காலத்தையொட்டியே லினக்ஸ் எல்ஃபிற்கு மாறியது. மாற்றம் எளிதன்று, பழைய நிரல்களுக்காகப் பழைய நூலகங்களையும் உடன்வைத்திருக்க நேர்ந்தது.

இருப்பினும், கெர்னல் தன் கோப்பிற்குத் தானே வடிவம் தேர முடியாத இடமும் உண்டு. யுஇஎஃப்ஐ என்னும் தொடக்க மென்பொருள் விண்டோஸ் வழிவந்த 'பிஇ' வடிவத்தையே ஏற்கும். அது 'எம்', 'இசட்' என்னும் ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். எனவே 64 பிட் ஆர்ம் லினக்ஸ் கெர்னலின் முதல் ஆணை, தீங்கற்ற ஆணையாகவும் அவ்விரு எழுத்துகளாகவும் ஒருங்கே அமையுமாறு தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது. 0407இன் பழைய உத்தி மீண்டும் வந்துவிட்டது.