நீரைப் படிக்கக் கற்றல்: மீன்வளர்ப்புத் தொழிலுக்கு வரும் இளைஞருக்கு ஒரு கடிதம்



ஒரு குளம் ஆண்டுதோறும் விளைச்சல் தர வேண்டும். அந்த விளைச்சலுக்காகப் பக்கத்து வயலும் கிணறும் வாய்க்காலும் கெடக் கூடாது. நீடித்த நீர்வாழ் உயிரின வளர்ப்பு என்பதன் முழுப் பொருளும் இதுதான். இந்தத் தொழிலுக்கான பயிற்சி உயிரினத்தில் தொடங்குவதில்லை, நீரில் தொடங்குகிறது. இறாலைப் பற்றி நிறையத் தெரிந்து நீரைப் பற்றிக் கொஞ்சமே தெரிந்தவர் ஓரிரு போகம் தாக்குப்பிடிக்கலாம். நீரை அறிந்தவரே தொழிலில் நிலைக்கிறார்.

இந்தப் பாடத்துக்குத் தமிழகக் கடற்கரை பெரிய விலை கொடுத்திருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் நாகப்பட்டினம் வட்டாரத்தில் இறால் பண்ணைகள் கட்டுப்பாடின்றிப் பெருகின. குட்டைகளின் உப்புநீர் கசிந்து விளைநிலத்தையும் குடிநீர்க் கிணறுகளையும் கெடுத்தது. கழிவுநீர் விடப்பட்ட வாய்க்காலிலிருந்தே அடுத்த பண்ணை நீர் எடுத்தது. 1994-95இல் வெள்ளைப்புள்ளி நோய் வந்தபோது அந்த வாய்க்கால்களே நோயைப் பரப்பின. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த, பாரம்பரிய முறையில் அல்லாத பண்ணைகளை அகற்றவும், மாசுபடுத்தியவரே இழப்பீடு தரவும் அது உத்தரவிட்டது. பின்னர் 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. இந்த வரலாறு பாடத்திட்டத்தின் ஓரத்தில் கிடக்க வேண்டியதன்று. இன்றைய விதிகள் ஒவ்வொன்றும் ஏன் வந்தன என்பதை இது சொல்கிறது.

முறையான படிப்புக்கு வழிகள் உண்டு. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977இல் தொடங்கியது. 2012இல் நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகம் உருவானது. மீன்வள அறிவியல் இளநிலைப் பட்டம் நான்கு ஆண்டுப் படிப்பு. பட்டம் இல்லாதவருக்கும் கதவு அடைபடவில்லை. சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையமும், மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமும் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகின்றன. எந்த வழியில் வந்தாலும் ஒரு முழுப் போகத்தைக் குட்டைக்கரையிலேயே கழிக்க வேண்டும். குஞ்சு விடுவதற்கு முன் குட்டையைக் காயவைப்பதிலிருந்து, பிடிப்பு முடிந்து நீரை வெளியேற்றுவது வரை உடனிருந்து பார்த்தால்தான் படித்தது கைக்கு வரும்.

நீரில் முதலில் கற்க வேண்டியது உயிர்வளியின் கணக்கு. 30 டிகிரி வெப்பத்தில் நன்னீர் லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் உயிர்வளியைக் கரைத்து வைத்திருக்கும். கடல்நீரில் அது 6 மில்லிகிராமை ஒட்டியே நிற்கும். பகலில் நுண்பாசி உயிர்வளியை உண்டாக்குகிறது. இரவில் அதே பாசி, இறாலோடும் அடிச்சேற்றின் நுண்ணுயிர்களோடும் போட்டியிட்டு அதைச் செலவழிக்கிறது. அதனால் விடியற்காலை நான்கு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையேதான் குட்டையின் உண்மை நிலை தெரியும். அந்த நேரத்தில் அளவு 4 மில்லிகிராமுக்குக் கீழே போனால் நீருக்குக் காற்றூட்டும் ஏரேட்டர் போதவில்லை, அல்லது குட்டை தாங்குவதைவிட அதிகமாக உயிர் ஏறிவிட்டது என்று பொருள். மதியம் எடுத்த அளவு நன்றாக இருக்கிறது என்று நிம்மதி அடைவது தொடக்கநிலையினர் வழக்கமாகச் செய்யும் பிழை.

பி.எச். அளவும் இப்படியே பகலில் ஏறி இரவில் இறங்கும். 7.5க்கும் 8.5க்கும் இடையே நின்று, ஒரே நாளின் ஏற்ற இறக்கம் 0.5க்குள் அடங்கினால் நீர் சமநிலையில் இருக்கிறது. அதற்கு மேல் ஆடினால் பாசி மிஞ்சிவிட்டது. அம்மோனியாவின் நச்சும் இதோடு பிணைந்தது. 30 டிகிரி வெப்பத்தில், உப்பு குறைந்த நீரில், பி.எச். 8 என்றால் மொத்த அம்மோனியாவில் ஏறத்தாழ 7 விழுக்காடுதான் நச்சு வடிவில் இருக்கும். பி.எச். 9 ஆனால் அது 40 விழுக்காட்டைத் தாண்டிவிடும். ஆய்வகம் தரும் ஓர் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. எந்த நேரத்து நீர், எந்த பி.எச்., எந்த வெப்பம் என்ற மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அடுத்தது தீவனம். உற்பத்திச் செலவில் பாதி அல்லது அதற்கு மேல் இதற்கே போகிறது. நீர் கெடுவதற்கு முதல் காரணமும் இதுவே. ஒரு டன் இறாலுக்கு ஒன்றரை டன் தீவனம் செலவானால், அதில் 35 விழுக்காடு புரதம் என்று கொண்டால், குட்டைக்குள் 84 கிலோ நைட்ரஜன் போகிறது. அந்த ஒரு டன் இறாலின் உடலில் சேர்வது 30 கிலோவுக்குள்தான். மீதி சுமார் 55 கிலோ நீரிலும் அடிச்சேற்றிலும் தங்குகிறது. தீவனச் செலவை 1.2 டன்னாகக் குறைத்தால் இந்த மீதி 40 கிலோவுக்குக் கீழே வந்துவிடும். வரவும் சுற்றுச்சூழலும் ஒரே திசையில் நடக்கும் இடம் இது. ஆகவே திறமை முதலில் வளர வேண்டிய இடமும் இதுதான்.

அந்தத் திறமையைக் கற்றுத் தருவது செக் ட்ரே. ஒவ்வொரு வேளையும் தீவனத்தில் ஒரு சிறு பங்கைத் தட்டில் வைத்து நீருக்குள் இறக்கி, இரண்டு மணி நேரம் கழித்துத் தூக்கிப் பார்க்க வேண்டும். தட்டு காலியாக இருக்கிறதா, எச்சத்தின் நிறம் என்ன, தட்டில் ஏறிய இறாலின் குடல் கோடு முழுவதும் நிரம்பியிருக்கிறதா, இடையிடையே விட்டுத் தெரிகிறதா, ஓடு மெத்தென்று இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கவனிக்க வேண்டும். தீவனம் மிஞ்சினால் அடுத்த வேளை குறைக்க வேண்டும். வெண்ணிற எச்சம் மிதந்தால் குடல் நோயைச் சந்தேகித்து லேபுக்கு மாதிரி அனுப்ப வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இறால் கூட்டமாக ஓடு உரிக்கும் என்பதை அனுபவசாலிகள் அறிவார்கள். அந்த நாள்களில் அவர்கள் தீவனத்தைக் குறைத்து, தாது உப்பு இட்டு, இரவு முழுக்க ஏரேட்டரை ஓடவிடுவார்கள். ஓடு உரித்த இறாலுக்கு உயிர்வளி கூடுதலாகத் தேவை. அது ஓடு மெத்தென்று கிடக்கும் நேரத்தில் மற்ற இறால் அதைத் தின்றுவிடும்.

மூன்றாவது பாடம் குஞ்சும் நோயும். வெள்ளைக்கால் இறாலான வன்னமெய் பசிபிக் பெருங்கடலின் இனம். இந்தியாவில் 2009இல் அதற்கு அனுமதி கிடைத்தது. குறிப்பிட்ட நோய்கள் அற்ற தாய் இறால்கள் மட்டுமே இறக்குமதியாகி, சென்னை நீலாங்கரையில் உள்ள தனிமைப்படுத்தும் நிலையத்தைக் கடந்த பிறகே குஞ்சு பொரிப்பகங்களுக்குப் போகின்றன. இந்த ஏற்பாடு குட்டைக்கரையில் வந்து அறுந்துவிடக் கூடாது. குஞ்சில் நோய்க்கிருமி உண்டா என்று பார்க்கும் பி.சி.ஆர். சோதனை முடிவு கைக்கு வராமல் ஒரு குஞ்சையும் விடக் கூடாது. நண்டு நுழையாதபடி வலைவேலி, பறவை இறங்காதபடி கயிறு, வந்த நீரைத் தேக்கி நுண்ணுயிர் நீக்கிய பிறகே பயன்படுத்தும் தேக்கக் குட்டை ஆகிய மூன்றும் மருந்துக் கடையைவிட மலிவானவை. வெள்ளைப்புள்ளிக்கு மருந்து கிடையாது. குளோராம்ஃபெனிகால், நைட்ரோஃபுரான் போன்ற நோய் எதிர் மருந்துகள் தடைசெய்யப்பட்டவை. ஒரு பண்ணையில் பயன்படுத்தியது ஏற்றுமதிச் சோதனையில் தெரியவந்தால் சரக்குப் பெட்டகம் முழுவதும் திரும்பி வரும். நாட்டின் பெயரும் கெடும்.

நான்காவது பாடம் வெளியேறும் நீர். கடலோர உவர்நீர்ப் பண்ணை எதுவானாலும் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவு பெற வேண்டும். வன்னமெய் வளர்ப்பில் சதுர மீட்டருக்கு 60 குஞ்சுகளுக்கு மேல் விடக் கூடாது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு அமைப்பும் வேண்டும். இந்த விதிகள் குறைந்தபட்சத் தேவைகள் மட்டுமே. ஒரு ஏக்கர் குட்டைக்காரரும் பிடிப்பின்போது அடியில் கலங்கி வரும் நீரைத் தேக்கி, வண்டல் படிந்த பிறகே வாய்க்காலில் விட வேண்டும். நோய் கண்ட குட்டையின் நீரை நுண்ணுயிர் நீக்காமல் திறப்பது, பக்கத்துப் பண்ணைக்காரர் வீட்டில் தீ வைப்பதற்குச் சமம். குட்டையில் நோய் கண்டால் முதல் தொலைபேசி அழைப்பு அக்கம்பக்கத்துப் பண்ணைகளுக்குப் போக வேண்டும். மறைத்தால் சில நாள் மானம் தப்பலாம். அதற்குள் வட்டாரமே நோய்க்குள் போய்விடும்.

இறாலோடு நின்றுவிடவும் தேவையில்லை. கொடுவா 1997இலும், கடல் விரால் 2010இலும், பால்கெண்டை 2015இலும் இந்தியாவில் அடைப்பிலேயே இனப்பெருக்கம் செய்யப்பட்டன. பால்கெண்டையும் மடவையும் தாவர உணவை ஏற்பவை. அவற்றின் தீவனத்துக்கு மீன்தூள் குறைவாகவே வேண்டும். கடற்பாசிக்குத் தீவனமே வேண்டாம். நீரில் கரைந்த சத்தை உறிஞ்சியே அது வளர்கிறது. இராமநாதபுரம் கடற்கரையில் 12 அடிச் சதுர மூங்கில் மிதவைகளில் பெண்கள் குழுக்களாகப் பாசி வளர்க்கிறார்கள். ஒரு சுற்று 45 நாளில் முடிந்துவிடும். பாக் விரிகுடாவில் கடல் விரால் கூண்டுகளைச் சுற்றிப் பாசி மிதவைகளை அமைத்து, மீனின் கழிவு பாசிக்கு உணவாகும்படியும் செய்துகாட்டியுள்ளனர். ஆனால் இப்படி வளர்க்கப்படும் வெளிநாட்டுப் பாசியான கப்பாஃபைகஸ், மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவுப் பகுதியில் பவளப்பாறைகள் மேல் படர்ந்ததாக 2008இல் ஆய்வறிக்கை வெளியானது. சுத்தமான தொழிலுக்கும் இடத்தேர்வு வேண்டும் என்பதற்கு இது எச்சரிக்கை.

படிப்படியாக ஏறுவதே இத்தொழிலுக்குப் பொருந்தும். பொரிப்பகத்தில் ஓராண்டு, ஆய்வகத்தில் சில மாதம், பண்ணையில் டெக்னீஷியனாக இரண்டு மூன்று போகம் என்று கழித்தபின் சொந்தக் குட்டையையோ குத்தகைக் குட்டையையோ எடுக்கலாம். முதல் போகத்தில் சட்டம் அனுமதிப்பதில் பாதி அடர்த்தியே போதும். தவறு நேர்ந்தாலும் தாங்கும். முதல் நாளிலிருந்து ஒரு பதிவேடு வேண்டும். காலை மாலை உயிர்வளி, பி.எச்., உப்பின் அளவு, போட்ட தீவனம், வாரம் ஒருமுறை எடை, இட்ட பொருள்கள், வெளியேற்றிய நீர் ஆகிய அனைத்தும் அதில் ஏற வேண்டும். வங்கிக் கடனுக்கும் காப்பீட்டுக்கும் ஏற்றுமதியாளரின் தடமறிதலுக்கும் அதுவே சான்று. மூன்று போகத்துப் பதிவேட்டை அடுத்தடுத்து வைத்துப் படித்தால், ஒரு கிலோ இறாலுக்கு எவ்வளவு தீவனம் குறைந்தது, எவ்வளவு நீர் குறைந்தது என்று தெரியும். இந்த இரண்டு எண்களும் போகத்துக்குப் போகம் இறங்கினால் பயிற்சி சரியான வழியில் போகிறது.