கிளையே திறக்காத கடையில் ப்ரமோஷன் வாங்குவது எப்படி?

ரெஸ்டாரன்ட் வேலைக்கு இன்டர்வியூ போகிறவர்கள் சம்பளம், ஷிஃப்ட், தங்குமிடம் மூன்றையும் கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடுகிறார்கள். நான்காவதாக ஒன்று கேளுங்கள்: ‘இந்தக் கடை எப்படி வளரப் போகிறது?’ நீங்கள் எவ்வளவு தூரம் போகலாம் என்பது அந்தப் பதிலில் இருக்கிறது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஆன் ஆர்பர் நகரில், ஜிங்கர்மேன்ஸ் என்றொரு சாண்ட்விச் கடை. 1982 மார்ச்சில் ஆரி வைன்ஸ்வைக், பால் சாகினா இருவரும் தொடங்கியது. ஜிங்கர்மேன் என்று யாரும் கிடையாது, சும்மா வைத்த பெயர். வேலைக்கு வைத்த ஆட்கள் இரண்டே பேர். கடை பிரமாதமாக ஓடியது. வேறு யாராக இருந்தாலும் ஊருக்கு ஒரு கிளை திறந்திருப்பார்கள், ஃபிரான்சைஸ் விற்றிருப்பார்கள். இவர்கள் 1994-இல் உட்கார்ந்து, 2009-இல் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். சொந்த வட்டாரத்தை விட்டுப் போவதில்லை. ஒரே பெயரின் கீழ் வெவ்வேறு தொழில்கள். ஒவ்வொன்றையும் நடத்துகிறவருக்கு அதில் பங்கு உண்டு. 1992-லேயே பேக்கரி வந்திருந்தது. பிறகு ட்ரெய்னிங் கம்பெனி, சீஸ் தயாரிப்பு, காபி, மெயில் ஆர்டர், 2003-இல் ரோட்ஹவுஸ் ரெஸ்டாரன்ட் என்று குழுமம் விரிந்தது.

இதில் உங்களுக்கு என்ன? கிளைகள் பெருகும் கம்பெனியில் அடுத்த பதவி பிராஞ்ச் மேனேஜர். மேலே இருப்பவர் நகரும்வரை காத்திருக்க வேண்டும். ஜிங்கர்மேன்ஸ் மாதிரி இடத்தில் நல்ல ஐடியா வைத்திருப்பவர் பார்ட்னராகவே ஆகலாம். அந்தச் சாண்ட்விச் கடையில் வேலைக்குச் சேர்ந்த ஜி ஹே கிம், 2016-இல் அதே குழுமத்தில் ‘மிஸ் கிம்’ என்ற கொரிய ரெஸ்டாரன்டைத் திறந்தார். அந்த இடத்துக்குப் போக என்ன வேண்டும்?

1. பக்கத்தில் யார் நிற்கிறார் என்று பாருங்கள். ரஷ்ய வரலாறு படித்த வைன்ஸ்வைக் ஒரு ரெஸ்டாரன்டில் பாத்திரம் கழுவப் போனார். அங்கே மேனேஜர் சாகினா. அதே கிச்சனில் சமைத்த ஃபிராங்க் கரோலோதான் பின்னாளில் பேக்கரியின் பார்ட்னர். டிஷ்வாஷர் என்ற டெசிக்னேஷனுக்கு வெட்கப்பட்டு அந்த வேலையை விட்டிருந்தால் வைன்ஸ்வைக்குக்கு இந்தக் கூட்டாளிகள் கிடைத்திருக்க மாட்டார்கள்.

2. கணக்கைக் கற்றுக்கொள்ளுங்கள். முதலாளிக்கும் ஆடிட்டருக்கும் மட்டுமே லாப நஷ்டம் தெரியும் கடைகள்தான் அதிகம். ஜிங்கர்மேன்ஸில் ஓபன் புக் முறை. வாரம் ஒரு முறை போர்டைச் சுற்றி எல்லோரும் நின்று விற்பனை, செலவு, லாபம் பார்ப்பார்கள். சர்வரும் பார்ப்பார், பாத்திரம் கழுவுகிறவரும் பார்ப்பார். உங்கள் கடையில் இப்படிப் போர்டு இருக்காது. பரவாயில்லை, ஒரு நோட்டுப் போடுங்கள். உங்கள் செக்‌ஷனில் தினமும் எத்தனை பிளேட் போனது, எவ்வளவு வீணானது, எந்த ஐட்டம் திரும்பி வந்தது என்று ஒரு மாதம் எழுதுங்கள். பிறகு மேனேஜரிடம் காட்டுங்கள். ‘வேஸ்டேஜ் எங்கே நடக்கிறது என்று எனக்குத் தெரியும்’ என்று சொல்லும் ஜூனியரை யாரும் மறப்பதில்லை. கூட வேலை பார்ப்பவர் கொஞ்சம் எரிச்சல்படுவார். படட்டும்.

3. புகார் வரும்போது முன்னே போங்கள். மற்றவர்கள் கிச்சன் பக்கம் ஒதுங்கும் நேரம் அது; போட்டியே இல்லாத இடம். ஜிங்கர்மேன்ஸ் சொல்லித்தரும் ஐந்து படிகள் இவை: புகாரை ஏற்றுக்கொள், மனமாரச் சாரி சொல், உடனே சரிசெய், சொன்னதற்கு நன்றி சொல், எழுதி வை. சரிசெய்ய அங்கே யாரும் மேனேஜரிடம் பர்மிஷன் கேட்க வேண்டியதில்லை. உங்களுக்கு அந்த அதிகாரம் இல்லையென்றால், எவ்வளவு தொகை வரை நீங்களே முடிவெடுக்கலாம் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஐந்தாவது படியை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அப்ரைசல் சமயத்தில் கையில் இருக்கப்போவது அந்தக் காகிதம்தான்.

4. பத்தடி தூரத்தில் கண்ணைப் பார்த்துச் சிரியுங்கள், நாலடியில் வணக்கம் சொல்லுங்கள். இதுவும் ஜிங்கர்மேன்ஸ் விதிதான். காசு செலவில்லை.

கடையைத் தேர்ந்தெடுக்கும்போது, கொள்கை என்று சுவரில் மாட்டியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். மீந்த உணவைப் பசித்தவர்களிடம் சேர்க்க ஜிங்கர்மேன்ஸ் 1988-இல் ‘ஃபுட் கேதரர்ஸ்’ அமைப்பைத் தொடங்கியபோது கடைக்கு வயது ஆறுதான்.

இன்டர்வியூ முடியும்போது இதையும் கேளுங்கள்: ‘இங்கே கடைசியாக மேனேஜரானவர் என்ன வேலையில் சேர்ந்தார்?’ பதில் சொல்லத் தயங்கினால், ஆஃபர் லெட்டரை வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு இருக்கும் இன்னொரு இன்டர்வியூவைக் கேன்சல் செய்துவிடாதீர்கள்.