கல்லாப்பெட்டியின் அருகே ஒரு நூலடுக்கு



நம்மவர் கடை எதற்குள் நுழைந்தாலும் கல்லாப்பெட்டியின் அருகே ஒரு புத்தகம் இருக்கக் காணலாம். அது வரவு செலவுப் புத்தகம். காய்ச்சலாய்க் கிடந்தாலும் அதனை நாம் எழுதத் தவறுவதில்லை. ஒருநாள் எழுதாவிட்டால் மறுநாள் எங்கே இடிக்கும் என்பது நமக்குத் தெரியும். ஆனால் அதற்குப் பக்கத்தில் வேறொரு புத்தகம் இருக்கிறதா என்று பார்த்தால், பெரும்பாலும் இல்லை.

"வாசிக்க நேரம் எங்கே?" என்று கேட்கிறோம். கம்போங் ராஜாவில் காய்கறி லாரிகள் புறப்படும் நேரம், தோட்டத்து மக்கள் சாமான் வாங்க வரும் நேரம், சரக்கு வந்து இறங்கும் நேரம் என்று நாள் முழுவதும் பங்கு போடப்பட்டிருக்கிறது. இதனை நாம் மறுக்கவில்லை. எனினும் நூல் வாசிப்பது தொழிலுக்குப் புறம்பான காரியம் என்று எண்ணுவதுதான் பிழை. இதனை விளக்க அறிவியல், இலக்கியம், தலைமை ஆகிய துறைகளிலிருந்து சில நூல்களை இப்பாடத்தில் எடுத்துக் கொள்வோம். அவற்றுள் ஒன்றும் கற்பனைக் கதையன்று.

மலாக்காவில் தமிழ் படித்த சிறுவன்

முதலில் நம் நாட்டுச் சான்று ஒன்றைப் பார்ப்போம். 1796ஆம் ஆண்டு மலாக்காவில் பிறந்தவர் முன்ஷி அப்துல்லா. அவருடைய முன்னோர் யெமனிலிருந்து நாகூர் வந்து, அங்கிருந்து மலாக்கா சேர்ந்தவர்கள். ராபிள்ஸ் துரையிடம் எழுத்தராக வேலை பார்த்த இவர், தம் வாழ்க்கை வரலாற்றை மலாய் மொழியில் எழுதினார். 'ஹிகாயத் அப்துல்லா' என்னும் அந்நூல் 1849இல் சிங்கப்பூரில் அச்சாயிற்று. தாம் கண்டதைக் கண்டபடி எழுதிய காரணத்தால், மலாய் இலக்கியத்தில் புதுவழி திறந்தவர் என்று அவரைப் போற்றுகிறார்கள்.

அந்நூலில் நாம் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. அப்துல்லாவை அவருடைய வாப்பா ஓர் ஆசிரியரிடம் தமிழ் படிக்க அனுப்பினார். அக்காலத்து மலாக்காவில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தமிழ் கற்பது வழக்கமாயிருந்தது. கணக்குப் பார்க்கவும், ஊர் நிறைய இருந்த இந்திய வணிகரோடு பேசவும் தமிழ் வேண்டியிருந்தது. ஆக, கடைக் கணக்குக்காகத் தொடங்கிய படிப்பு ஒரு பெரும் எழுத்தாளரை உருவாக்கத் துணை நின்றது.

இன்று நிலைமை என்ன? நம் பிள்ளைகளிற் பலர் மலாய் நன்றாக வாசிக்கிறார்கள்; தமிழ் எழுத்தைக் கண்டால் தடுமாறுகிறார்கள். நம்மில் பலருக்கோ தமிழ் வரும். ஆனால் வாசிக்கும் பழக்கம் விட்டுப் போயிற்று. ஒரே வீட்டில் தந்தையும் மகனும் சேர்ந்து பேச ஒரு நூல்கூட இல்லை என்றால், கடைச் சாவியைத் தவிர வேறெதனை நாம் அவனிடம் ஒப்படைக்கப் போகிறோம்?

1. அறிவியல்

ஏறக்குறைய 820ஆம் ஆண்டில் பக்தாது நகரில் அல்-குவாரிஸ்மி என்னும் அறிஞர் 'அல்ஜப்ர்' நூலை எழுதினார். இன்று நம் பிள்ளைகள் படிக்கும் அல்ஜீப்ரா அந்தப் பெயரிலிருந்து வந்தது. கணினிக்காரர்கள் சொல்லும் 'அல்காரிதம்' என்னும் சொல்லோ அவருடைய பெயரின் திரிபு. அவர் யாருக்காக எழுதினார்? வணிகம், நில அளவை, பாகப்பிரிவினை, வழக்கு ஆகியவற்றில் மக்களுக்கு அன்றாடம் வேண்டிய கணக்குகளுக்காகவே எழுதினார். நூலின் பெரும்பகுதி வாரிசுக் கணக்காகும்.

அதில் வரும் ஒரு கணக்கு இது: ஒரு பெண்மணி இறக்கிறார். கணவர், ஒரு மகன், மூன்று மகள்கள் இருக்கிறார்கள். தம் சொத்தில் எட்டில் ஒரு பங்கும் ஏழில் ஒரு பங்கும் சேர்த்து, வாரிசல்லாத ஒருவருக்கு ஒசியத்துச் செய்திருக்கிறார். எப்படிப் பங்கிடுவது?

எட்டில் ஒன்றும் ஏழில் ஒன்றும் சேர்ந்தால் 56இல் 15 பங்கு. மீதி 56இல் 41. இந்த மீதியில் கணவருக்குக் கால் பங்கு. எஞ்சிய முக்காலில் மகனுக்கு இரண்டு பங்கு, மகள்களுக்கு ஒவ்வொரு பங்கு. ஆகவே சொத்து முழுவதையும் 1,120 பங்காக வைத்தால், ஒசியத்துக்கு 300, கணவருக்கு 205, மகனுக்கு 246, மகள் ஒவ்வொருவருக்கும் 123. கூட்டிப் பாருங்கள், ஒன்றும் மிஞ்சாது, ஒன்றும் குறையாது. பாகப்பிரிவினையால் பிளந்து போன கடைகளை நாம் கண்டிருக்கிறோம். கணக்குத் தெளிவாயிருந்தால் சகோதரர் மனம் கசப்பது எவ்வளவோ குறையும்.

அடுத்து, நம் பக்கத்து நாடுகளைப் பற்றிய நூல் ஒன்று. ஆல்பிரட் ரஸல் வாலஸ் என்னும் ஆங்கிலேயர் 1854இல் சிங்கப்பூர் வந்தார். மலாக்காவில் தங்கி லேடாங் மலையில் ஏறினார். எட்டாண்டுக் காலம் தீவு தீவாகச் சுற்றி, பூச்சிகளும் பறவைகளுமாக 1,25,660 மாதிரிகளைச் சேகரித்தார். 1869இல் 'மலாய்த் தீவுக்கூட்டம்' என்னும் நூலை வெளியிட்டார். அவர் செல்வந்தர் அல்லர். சேகரித்தவற்றில் ஒரு பகுதியை இலண்டனிலிருந்த முகவர் மூலம் விற்றே பயணச் செலவை ஈடுகட்டினார். எந்த உயிர் எந்தத் தீவில் கிடைத்தது என்று கவனித்துக் குறித்த பழக்கத்தால், அருகருகே இருக்கும் பாலித் தீவிலும் லொம்போக் தீவிலும் பறவையினங்கள் பெரிதும் வேறுபடுவதைக் கண்டறிந்தார். அந்த எல்லைக்கு இன்றும் வாலஸ் கோடு என்றே பெயர்.

எழுதி வைப்பதன் அருமையை நம் மலையே சொல்லும். 1885இல் வில்லியம் காமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைப் பகுதிக்கு வந்தார். ஆனால் தாம் கண்ட சமவெளியை வரைபடத்தில் சரிவரக் குறிக்கவில்லை. 1925இல் ஜார்ஜ் மாக்ஸ்வெல் வந்து பார்த்த பின்னரே இவ்விடத்தை வளர்க்கும் முயற்சி வலுப்பெற்றது. 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது. குறிப்புச் சரியில்லாததால் நாற்பது ஆண்டுகள் போயின. இருப்புக் கணக்கு எழுதாத கடைக்காரர் இதனை எளிதில் புரிந்து கொள்வார்.

2. இலக்கியம்

"இலக்கியம் புலவர்களுக்கு, நமக்கென்ன?" என்று சிலர் கேட்பர். இலங்கை அறிஞர் ம. மு. உவைஸ், தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டை ஆராய்ந்து 1953இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். பின்னர் பீ. மு. அஜ்மல்கானோடு சேர்ந்து 'இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாறு' என்னும் பெருநூலைத் தமிழில் பல தொகுதிகளாக எழுதினார். 1572இல் வண்ணப் பரிமளப் புலவர் பாடிய 'ஆயிர மசலா' தொடங்கி எத்தனை நூல்கள் உண்டு, மசலா, கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து என எத்தனை புது வகைகள் தமிழுக்குக் கிடைத்தன என்பதை அவருடைய ஆராய்ச்சி காட்டுகிறது.

இந்த வரலாற்றில் நமக்கும் இடமுண்டு. உமறுப் புலவர் சீறாப்புராணம் பாட ஆதரவளித்தவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி. அவருக்குப் பின் கைகொடுத்தவர் பரங்கிப்பேட்டை அபுல் காசிம். சீதக்காதியோ கடல் வணிகத்தில் பொருளீட்டியவர். வணிகர் பணம் சேராதிருந்தால் நம் இலக்கியத்தின் தலைசிறந்த காப்பியம் ஏட்டில் ஏறியிருக்குமா என்பது ஐயமே. அவர்கள் விற்ற சரக்கு இன்று எங்கே? அவர்கள் ஆதரித்த நூல் மட்டும் நிற்கிறது.

3. தலைமை

தூனிசில் பிறந்த இப்னு கல்தூன் 1377இல் 'முகத்திமா' என்னும் நூலை எழுதினார். அரசுகள் எப்படி எழுகின்றன, எப்படி வீழ்கின்றன என்பதே அதன் பொருள். ஒரு குடும்பத்தின் பெருமை பெரும்பாலும் நான்கு தலைமுறைதான் நிற்கும் என்கிறார். முதலாமவர் உழைத்துக் கட்டுகிறார்; அதன் அருமை அவருக்குத் தெரியும். இரண்டாமவர் தந்தையிடம் நேரில் கற்றவர். மூன்றாமவர் வழக்கத்தைப் பார்த்து அப்படியே செய்பவர். நான்காமவரோ, இதெல்லாம் பிறப்பினால் வந்தது என்று எண்ணி உழைப்பை இகழ்ந்து யாவற்றையும் இழப்பவர். இது அரச குடும்பங்களுக்கு மட்டும் சொன்னதன்று. நம் கடைகளை எண்ணிப் பாருங்கள். கப்பலேறி வந்தவர் பாட்டனார். இன்று கல்லாவில் அமர்ந்திருப்பவர் எத்தனையாவது தலைமுறை? பார்த்துப் பழகியது மட்டும் போதாது. காரணம் தெரிந்து செய்ய வேண்டும். அந்தக் காரண அறிவை வளர்ப்பதில் நூலுக்குப் பெரும் பங்குண்டு.

இறுதியாக, 1999இல் ஆங்கிலத்தில் வெளிவந்து 'அக்கினிச் சிறகுகள்' என்று தமிழிலும் வந்த அப்துல் கலாமின் தன்வரலாறு. 1931இல் இராமேசுவரத்தில் படகுக்காரர் ஒருவரின் மகனாய்ப் பிறந்தவர் அவர். போர்க்காலத்தில் ஓடும் ரயிலிலிருந்து வீசப்பட்ட செய்தித்தாள் கட்டுகளை எடுத்துக் கொடுத்துச் சிறுவயதிலேயே கூலி பெற்றார். அவ்வூரில் எஸ். டி. ஆர். மாணிக்கம் என்பவர் தம் வீட்டில் நிறைய நூல்கள் வைத்திருந்தார். சிறுவன் கலாம் அவற்றை வாங்கிப் படித்தான். ஒரு சின்னத் தீவு, ஒரு மனிதர் வீட்டு நூலடுக்கு. அங்கே வாசித்த பிள்ளை 2002இல் இந்தியாவின் குடியரசுத் தலைவராயிற்று.

அவரே பல மேடைகளில் சொன்ன நிகழ்ச்சி ஒன்று. 1979 ஆகஸ்டு 10ஆம் நாள் அவர் பொறுப்பில் ஏவிய ராக்கெட்டு கடலில் வீழ்ந்தது. தலைவர் சதீஷ் தவான் தாமே நிருபர்கள் முன் சென்று பழியை ஏற்றார். 1980 ஜூலை 18இல் வெற்றி கிட்டியபோது, கலாமையே முன்னால் அனுப்பினார். கடையில் நட்டம் வந்தால் வேலையாளைத் திட்டி, இலாபம் வந்தால் தாமே மார்தட்டும் முதலாளிக்கு இதைவிடச் சிறந்த பாடம் வேறில்லை.

செய்யத்தக்கது

சகோதரர்களே, பெரிய நூலகம் கட்ட வேண்டியதில்லை. கடை அடைத்த பின் கால் மணி நேரம் போதும். தந்தை 'அக்கினிச் சிறகுகள்' நூலைத் தமிழில் வாசிக்கட்டும். மகன் 'ஹிகாயத் அப்துல்லா'வை மலாயில் வாசிக்கட்டும். சாப்பிடும்போது ஒருவருக்கொருவர் சொல்லிக் கொள்ளட்டும். பின்னர் மகனுக்குத் தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்கக் கற்பிப்பது கடினமாயிராது. வாசித்து முடித்த நூலைச் சங்கத்துக்குக் கொடுத்தால் மற்றொருவர் பிள்ளைக்குப் பயன்படும். கம்போங் ராஜாவில் எந்த வீட்டுப் பிள்ளை எந்த நூலுக்காகக் காத்திருக்கிறதோ, யார் அறிவார்?

சிந்திக்கச் சில வினாக்கள்

1. மலாக்காப் பிள்ளைகள் தமிழ் கற்றதற்குரிய காரணங்கள் யாவை? அவற்றுள் இன்றும் பொருந்துவன எவை?

2. மேலே கண்ட கணக்கில் மகள்கள் இருவராயிருந்தால், ஒசியத்துப் போக மீதியில் ஒவ்வொருவர் பங்கும் என்ன?

3. நம் கடை எத்தனையாவது தலைமுறையில் இருக்கிறது? அடுத்த தலைமுறைக்கு எழுதி வைக்கத்தக்கது யாது?