நஞ்சை அடக்கும் சுத்தி முறை

எங்கள் வீடுகளில் கருணைக்கிழங்குக் குழம்பு வைக்கும் நாளில் அம்மா இரண்டு காரியங்களைத் தவறாமல் செய்வார். கிழங்கை அரிசி கழுவிய நீரில் வேகவைப்பார்; பிறகு புளியைத் தாராளமாகக் கரைத்து ஊற்றுவார். இல்லாவிட்டால் நாக்கும் தொண்டையும் அரித்துவிடும். கிழங்கினுள் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருப்பதே இதற்குக் காரணம். திண்டிவனம் என்ற பெயரே புளியங்காடு எனப் பொருள்படும் 'திந்திரிணி வனம்' என்பதிலிருந்து வந்தது என்பர். ஆகவே எங்கள் ஊரில் புளிக்குப் பஞ்சமில்லை!

அடுப்படியில் நடக்கும் இந்த வேலையைப் போன்றதைச் சித்த மருத்துவர்கள் 'சுத்தி' என்கின்றனர். இதைப் பற்றி நாங்கள் அறிய நேர்ந்தது ஒரு துன்பத்தினால்தான். விழுப்புரத்திலிருந்து ரயிலில் வரும் எங்கள் வகுப்புத் தோழியின் பாட்டிக்கு முழங்கால் வலி. வாதத்திற்குச் சேராங்கொட்டை நல்லது என்று யாரோ சொல்ல, பாட்டி பச்சைக் கொட்டையை வாங்கி, நசுக்கிப் பூசிக்கொண்டார். மறுநாள் காலிலும் கையிலும் கொப்புளங்கள். நான்கு நாள் மருத்துவமனை வாசம். அப்படியானால் இதே கொட்டையில் செய்த மருந்தை மக்கள் எப்படி உண்கிறார்கள்? எங்கள் சிஸ்டரிடமும் பின்னர் ஒரு சித்த மருத்துவரிடமும் கேட்டோம்.

சேராங்கொட்டை, மா, முந்திரி மூன்றும் ஒரே குடும்பம். சேராங்கொட்டையின் தோட்டிலுள்ள கறுத்த எண்ணெய்தான் தோலைப் புண்ணாக்குகிறது. சலவைத் தொழிலாளர் துணியில் அழியாத குறியிட்டதும் இந்த எண்ணெயால்தான். முந்திரித் தோட்டிலும் இதையொத்த எண்ணெய் உண்டு. அதனால்தான் பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் பெண்கள் கையில் சாம்பலோ எண்ணெயோ பூசிக்கொள்கின்றனர். சுத்தி செய்வோர் கொட்டையின் மூக்கை நீக்கி, செங்கல் தூளுடன் சேர்த்துத் தேய்க்கின்றனர். செங்கல் தூள் எண்ணெயை உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு வெந்நீரில் கழுவுகின்றனர். எவ்வளவு எளிய வழி, பாருங்கள்!

எட்டிக்கொட்டையோ இன்னும் கொடியது. நம் கிழக்குக் கடற்கரைப் பக்கத்துக் காடுகளில் எட்டி மரம் வளர்கிறது. இதன் விதையிலுள்ள ஸ்ட்ரிக்னைன் என்னும் நஞ்சை 1818இல் பிரான்சு நாட்டு அறிஞர்கள் பெல்லத்தியேயும் காவந்துவும் பிரித்தெடுத்தனர். இது தண்டுவடத்தைத் தாக்கி, உடலை வில்லாக வளைக்கும் வலிப்பை உண்டாக்கும். வைத்தியர்கள் விதையைக் கோமியத்தில் பல நாள் ஊறவைத்து, தோலையும் முளையையும் நீக்கி, பாலில் வேகவைப்பர். நஞ்சின் ஒரு பகுதி அந்தப் பாலில் இறங்கிவிடுகிறது. ஆகவே அந்தப் பாலைக் கொட்டிவிட வேண்டும். ஒரு பகுதி சூட்டினால் நஞ்சு குறைந்த வேறு பொருளாக மாறுகிறது. நாவிக்கிழங்கிலும் இதுவே நடக்கிறது: நீண்ட நேரம் கொதிக்கும்போது அகோனிடின் சிதைந்து வலுவிழக்கிறது. குன்றிமணியின் நஞ்சு ஒரு புரதம். முட்டை வெந்தால் உருமாறுவது போல அதுவும் வேகும்போது உருமாறிவிடும்.

ஆயினும் சுத்தி செய்தபின் நஞ்சு அறவே போய்விடுவதில்லை, குறைகிறது, அவ்வளவுதான் என்று மருத்துவர் அழுத்திச் சொன்னார். எட்டி, நாவி, குன்றி, சேராங்கொட்டை, நேர்வாளம் ஆகியவை அரசின் மருந்துச் சட்ட விதிகளில் நச்சுப் பொருள் பட்டியலிலேயே உள்ளன. அவை சேர்ந்த மருந்தின் மேல் 'மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்க' என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும். பாட்டி வாங்கிய பொட்டலத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அதில் சுற்றியிருந்தது பழைய நாளிதழ்த் தாள்.

பாட்டி இப்போது நலம். மீதிக் கொட்டைகளைத் தோழி பத்திரமாகக் கட்டி அறிவியல் கூடத்திற்குக் கொண்டுவந்தாள். அவற்றைக் கண்ணாடிக் குப்பியில் இட்டு மூடி, சிஸ்டர் தம் கையாலேயே 'தொடாதே' என்று எழுதி ஒட்டியிருக்கிறார்.