நகர்மன்றக் கூட்டமும் நம் சங்க அங்கத்தினரும்

நெசவாளருக்குத் தறியும் நூலும் போதும், விவசாயிக்கு நிலமும் நீரும் போதும், நகராட்சி விவகாரங்கள் அரசியலில் இருப்பவர்களுக்கு உரியவை என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உண்டு. இந்த எண்ணத்தால் நமக்கு நஷ்டமே. பாவு நீட்டும் தெருவின் அகலம், தறி இருக்கும் வீட்டு வாசலில் போடப்படும் சாலையின் உயரம், சாயக் கழிவுநீர் செல்லும் வழி, காய்கறி மூட்டைக்குச் சந்தை வாயிலில் வசூலிக்கும் கட்டணம், இன்றைய வயல் நாளையும் வயலாக இருக்குமா அல்லது மனையாக மாறுமா என்ற கேள்வி ஆகிய அனைத்திலும் நகர்மன்றத்தின் கை இருக்கிறது. ஆகவே, மன்றம் எவ்வாறு முடிவு செய்கிறது, நாம் அதை எப்போது, எவ்விதம் அணுக வேண்டும் என்பதை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

சங்கமும் மன்றமும்

கூட்டுறவாளருக்கு இப்பாடம் முற்றிலும் புதியதன்று. நம் சங்கத்தின் பொதுப்பேரவை கூடுமுன் அறிவிப்பு வருகிறது. அதில் நிகழ்ச்சி நிரல் இருக்கிறது. விவாதித்து எடுத்த முடிவு தீர்மானப் புத்தகத்தில் ஏறுகிறது. நிரலைப் படிக்காமல் வந்து கையைத் தூக்கிவிட்டுப் போய், ஆண்டு முடிவில் பங்கு ஈவு ஏன் குறைந்தது என்று கேட்கும் அங்கத்தினருக்குத் தீர்மானப் புத்தகத்தைக் காட்டுவதன்றி வேறு என்ன விடை சொல்ல முடியும்?

நகர்மன்றத்தின் நடைமுறையும் ஏறக்குறைய இதுவே. சாதாரணக் கூட்டம் மாதந்தோறும் கூடுவது வழக்கம். கூட்டத்துக்கு முன்னரே உறுப்பினர்களுக்குக் கூட்டப் பொருள் அனுப்பப்படுகிறது. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. அதன் கீழே, என்ன வேலை, எந்தத் தெரு, எந்த நிதி, எவ்வளவு மதிப்பீடு என்பதை விளக்கும் அலுவலகக் குறிப்பு இருக்கும். இறுதியில், மன்றத்தின் அனுமதிக்காக வைக்கப்படுவதாக ஒரு வரி காணப்படும். அவசரம் கருதித் தலைவர் முன்னரே அனுமதி அளித்துவிட்ட வேலைகளும் உண்டு. அவை மன்றத்தின் பின்னேற்புக்காக வரும். அத்தகைய பொருளைப் பற்றி அன்றைக்குப் பேசிப் பயன் குறைவு. வேலை அதற்குள் தொடங்கியிருக்கக்கூடும்.

ஒரே கூட்டத்தில் பற்பல பொருள்கள் வருவதால், அவற்றுள் பெரும்பாலானவை விவாதமின்றியே நிறைவேறுகின்றன. எவரும் ஐயம் எழுப்பாத பொருளை மன்றம் ஏன் தள்ளிவைக்கப் போகிறது? பார்வையாளராகச் செல்வோர் அமர்ந்து கேட்கலாம். பேசும் உரிமை உறுப்பினர்களுக்கே உண்டு. எனவே நாம் சொல்ல வேண்டியதைக் கூட்டத்துக்கு முன்பே வார்டு உறுப்பினரிடமும் ஆணையாளரிடமும் எழுத்தில் சேர்ப்பித்திருக்க வேண்டும். இப்பாடத்தில் அங்கத்தினர்கள் மனத்தில் பதிக்க வேண்டிய முதற் கருத்து இதுதான்.

சாலை மட்டமும் குழித்தறியும்

ஆய்வுக்காக நாம் சென்ற ஒரு நெசவாளர் ஊரில், மழைக்கால முடிவில் அங்கத்தினர் சிலர் சங்கத்தில் முன்பணம் கேட்டு வந்திருந்தனர். அவர்களுடைய வீடுகளில் குழித்தறிகளுக்குள் நீர் இறங்கி, பல நாட்கள் குழியில் கால் வைக்க முடியாமற் போயிற்று. தறியில் ஏற்றியிருந்த பாவு ஈரத்தில் கெட்டது, அச்சும் விழுதும் பழுதாயின, கூலி நின்றது. காரணத்தைத் தேடுவதற்குத் தொலைவு செல்ல வேண்டியிருக்கவில்லை. பழைய சாலையின் மேலேயே புதிய சாலையைப் போட்டுப் போட்டு, தெரு வீட்டு வாசற்படிக்கு மேலே உயர்ந்திருந்தது.

அந்தச் சாலை வேலைக்குரிய தீர்மான நகலை வாங்கிப் பார்த்தபோது, அது ஏழு மாதங்களுக்கு முன்பே நிறைவேறியிருந்தது தெரிந்தது. நீளம், அகலம், கனம், மதிப்பீட்டுத் தொகை யாவும் அலுவலகக் குறிப்பில் இருந்தன. பழைய சாலையைச் சுரண்டி எடுப்பது பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை. சாலை வேண்டும் என்று மனு கொடுத்தவர்கள் அத்தெரு நெசவாளர்களே. சாலை வருகிறது என்ற மகிழ்ச்சியில், எந்த மட்டத்தில் வருகிறது என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

கேட்டிருந்தால் பலன் இருந்திருக்குமா என்று அங்கத்தினர்கள் வினவலாம். இருந்திருக்கும் என்றே கருதுகிறோம். சாலைகளைப் புதுப்பிக்கும்போது பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, வீடுகளின் மட்டத்துக்கு மேலே உயராதபடி போட வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலாளர் துறை அலுவலர்களுக்கு அறிவுறுத்தினார். அதைச் சுட்டிக்காட்டி, ‘பழைய மேற்பரப்பை அகற்றும் செலவையும் மதிப்பீட்டில் சேர்த்து, தற்போதுள்ள மட்டத்திலேயே சாலை அமைக்க வேண்டும்’ என்று ஒரு பக்க மனுவை ஒப்பந்தப் புள்ளி கோருமுன் கொடுத்திருந்தால், அலுவலர் அதைப் பரிசீலிக்க வேண்டியிருந்திருக்கும். ஒப்பந்தம் முடிந்து, சாலையும் போட்டபின், அதே கோரிக்கை புதுச் செலவாகிவிடுகிறது. அதற்கு நிதி எங்கே என்ற கேள்வி எழுகிறது.

முழுமைத் திட்டமும் வயலும்

சாலை ஒரு தெருவைப் பற்றியது. ஊர் முழுவதையும் பற்றிய முடிவுகள் நகரமைப்புத் திட்டங்களில் அடங்கியுள்ளன. சென்னை மாகாணத்தில் இதற்கான முதற் சட்டம் 1920-ஆம் ஆண்டிலேயே வந்தது. இன்று நடைமுறையில் இருப்பது 1971-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். இதன்படி ஓர் ஊருக்கு முழுமைத் திட்டம் தயாரிக்கும்போது, நிலங்கள் குடியிருப்பு, வணிகம், தொழில், பொது உபயோகம், வேளாண்மை என வகைப்படுத்தப்படுகின்றன. புதிதாக அமையவிருக்கும் சாலைகளும் வரைபடத்தில் குறிக்கப்படுகின்றன. வீட்டோடு தறி வைத்திருக்கும் தெருவும், பட்டறையும், சாயச்சாலையும், நஞ்சையும், வாய்க்காலும் அந்த வரைபடத்தில் ஏதேனும் ஒரு நிறத்தின் கீழ் வந்தாக வேண்டும். பின்னாளில் கட்டட அனுமதியோ தொழில் அனுமதியோ கோரும்போது அந்த நிறமே பேசும்.

இச்சட்டத்தின் 26-ஆவது பிரிவை அங்கத்தினர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுதல் நலம். முழுமைத் திட்டம் தயாரானதும், அதைப் பற்றிய அறிவிப்பை அரசிதழிலும் நாளிதழ்களிலும் வெளியிட வேண்டும்; திட்டத்தின் பிரதியை எங்கே பார்வையிடலாம் என்று அதில் குறிப்பிட வேண்டும்; எழுத்து மூலமான ஆட்சேபங்களையும் ஆலோசனைகளையும் எவரிடமிருந்தும் பெற வேண்டும். அதற்குரிய காலம் இரண்டு மாதங்களுக்குக் குறையலாகாது. அதன் பின்னரே திட்டம் அரசின் ஒப்புதலுக்குச் செல்கிறது.

இரண்டு மாதம் என்பது கேட்பதற்கு நீண்ட காலமாகத் தோன்றும். ஆனால் அறுவடையும், பண்டிகைக் கால நெசவும் குறுக்கிட்டால் அது கண்மூடித் திறப்பதற்குள் கழிந்துவிடும். அரசிதழை நம்மில் எத்தனை பேர் பார்க்கிறோம்? நாளிதழின் உட்பக்கத்தில் சிறிய எழுத்தில் வரும் அறிவிப்பையும் நாம் புரட்டிவிட்டுப் போகிறோம். சில ஆண்டுகள் கழித்து, தம் வயலின் நடுவே திட்டச் சாலை செல்வதாகவோ, தம் தெரு வணிகப் பகுதியாக மாறிவிட்டதாகவோ அறியும்போது, அதை மாற்றுவது எளிதன்று. அதற்குத் தனி நடைமுறையும் செலவும் காலமும் வேண்டும். வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்று நம் முன்னோர் சொன்னது இவ்விடத்துக்கு மிகப் பொருந்தும்.

காலால் அளந்த திட்டம்

சாதாரண மக்களின் சொல்லுக்குத் திட்ட வல்லுநர்கள் செவிசாய்ப்பார்களா என்ற ஐயமும் எழலாம். ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் பாட்ரிக் கெடிஸ் என்பார் 1914-ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்து, சென்னை மாகாணத்து நகரங்கள் பலவற்றைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதியில், நெருக்கமான வீடுகளை இடித்து நேர்க்கோட்டில் புதுத் தெருக்கள் அமைக்க அப்போது ஒரு யோசனை இருந்தது. கெடிஸ் அப்பகுதியின் சந்துகளில் நடந்து பார்த்தார். இருக்கும் சந்துகளையே சற்று அகலப்படுத்தி, மிகவும் சிதைந்த சில வீடுகளை மட்டும் அகற்றி, காலி இடங்களைத் திறந்த வெளியாக்கினால், குறைந்த செலவில், பெரும்பாலான குடும்பங்களை அசைக்காமலே காற்றும் சுகாதாரமும் கிடைக்கும் என்று காட்டினார். முதலில் ஊரை அறிந்து, பின்னர் திட்டம் தீட்ட வேண்டும் என்பது அவருடைய கொள்கை.

இதில் நமக்கு ஒரு படிப்பினை உண்டு. வரைபடத்தில் இல்லாத செய்தி தெருவில் வாழ்பவரிடம் இருக்கிறது. விடியற்காலையில் எந்தத் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி இடுகிறார்கள், மழை நீர் எவ்வழி ஓடுகிறது, எந்த வாய்க்கால் கடைமடை வரை பாய்கிறது என்பவை அலுவலகக் கோப்பில் தாமாக ஏறிவிடமாட்டா. நாம் எழுதிக் கொடுத்தால் அவை ஏறும்.

மன்றமும் பகுதி சபையும்

1993-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகர உள்ளாட்சிக்குத் தனி இடம் அளித்தது. நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 அலுவல்களை அது பட்டியலிட்டது. அப்பட்டியலில் முதலாவதாக நிற்பது நகரமைப்பு. ஆயினும் தமிழ்நாட்டின் நகர உள்ளாட்சிகளில் 2016-ஆம் ஆண்டு அக்டோபரில் மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தபின், 2022-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் தேர்தல் நடக்கும் வரை, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் இல்லை. தனி அலுவலர்களே நிர்வகித்தனர். அந்த ஐந்து ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்தில், நம் தெருவின் குறையை மன்றத்தில் எழுப்ப வார்டு உறுப்பினர் ஒருவரும் இல்லை என்பதை எண்ணிப் பார்த்தால், கேட்பதற்கு ஒரு மன்றம் இருப்பதன் அருமை விளங்கும்.

2022-ஆம் ஆண்டில் வார்டு குழு, பகுதி சபை ஆகியவற்றுக்கான விதிகள் வெளியாயின. அவ்வாண்டு நவம்பர் 1-ஆம் நாள் பகுதி சபைக் கூட்டங்கள் நடைபெற்றன. கிராமத்துக்குக் கிராம சபை போல, நகரத்தின் வார்டு வாக்காளர்கள் தம் தேவைகளை வாய்விட்டுச் சொல்லும் இடம் இது. மன்றத்தில் நமக்கில்லாத பேச்சுரிமை இங்கே உண்டு.

சங்கங்கள் செய்யத்தக்கவை

ஒரு நெசவாளர் கூட்டம் பார்க்கச் சென்றால் ஒரு நாள் கூலி போகிறது. விவசாயிக்கும் அப்படியே. தனி மனிதர் மாதந்தோறும் தாங்க முடியாத இச்சுமையைப் பங்கிட்டுக்கொள்வதற்கே கூட்டுறவு இருக்கிறது.

முதலாவதாக, மாதம் இருவர் என்று முறை வைத்து, நகர்மன்றக் கூட்டத்தைக் கவனிக்க அங்கத்தினர்களை அனுப்பலாம். அவர்கள் கேட்டுவந்ததை அரைப் பக்கத்தில் எழுதிச் சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும்.

இரண்டாவதாக, கூட்டப் பொருளை வார்டு உறுப்பினர் மூலம் முன்கூட்டியே பெற முயல வேண்டும். நிறைவேறிய தீர்மானத்தின் நகல் கிடைக்காவிடில், 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், 10 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பிக்கலாம். பொதுவாக 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம்.

மூன்றாவதாக, சங்கத்துக்கு வரும் நாளிதழில் நகரமைப்பு அறிவிப்புகளைப் பார்த்து, வெட்டி எடுத்து, தேதியிட்டுக் கோப்பில் வைக்கும் பொறுப்பை ஓர் அலுவலருக்கு அளிக்க வேண்டும். ஆட்சேபத்துக்குரிய கடைசி நாளைச் சிவப்பு மையால் எழுதி வைத்தல் நன்று.

நான்காவதாக, ஆட்சேப மனுவைச் சங்கத் தீர்மானத்துடன் அனுப்ப வேண்டும். ‘இத்திட்டம் எங்களைப் பாதிக்கிறது’ என்று மட்டும் எழுதிய மனுவால் பயனில்லை. தெருவின் பெயர் அல்லது சர்வே எண், பாதிக்கப்படும் தறிகளின் அல்லது ஏக்கர்களின் எண்ணிக்கை, பாதிப்பின் தன்மை, நாம் கோரும் மாற்றம் ஆகிய நான்கும் மனுவில் இடம்பெற வேண்டும். சாலை வேண்டாம் என்பதைவிட, வேறு எவ்வழியாகச் சாலை செல்லலாம் என்று காட்டுவது வலிமையுடையது. மனுவைக் கொடுத்தபின் நாளும் முத்திரையும் இட்ட ஒப்புகையைப் பெற்றுக்கொள்ளத் தவறலாகாது.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகக் கூற விரும்புகிறோம். சங்கத்தின் பெயரைக் கட்சிப் பூசலுக்கு எவரும் பயன்படுத்த இடம் தரக்கூடாது. நாம் எழுதுவது தறிக்காகவும் நிலத்துக்காகவும் என்பது மன்றத்தில் அமர்ந்திருக்கும் எல்லாத் தரப்பினருக்கும் தெளிவாக இருந்தால்தான் நம் சொல்லுக்கு மதிப்பு உண்டாகும்.

அங்கத்தினர் சிந்தனைக்கு

1. நம் நகர்மன்றத்தின் சென்ற மாதக் கூட்டத்தில் நம் தெருவைப் பற்றிய பொருள் ஏதேனும் வந்ததா?

2. நம் ஊருக்கு முழுமைத் திட்டம் உண்டா? அதில் நம் தறிக்கூடமும் வயலும் எந்த வகைப்பாட்டில் உள்ளன?

3. நம் தெருச் சாலைக்கும் வீட்டு வாசற்படிக்கும் இடையே இன்று எத்தனை அங்குல உயர வேறுபாடு இருக்கிறது?

மூன்றாவது வினாவுக்கு விடை காண ஓர் அளவு நாடா போதும். அளந்த கணக்கை அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். அங்கிருந்து நம் வேலையைத் தொடங்கலாம்.